செம்பட்டைக் கேப்டனின் கேஜ் துப்பாக்கி

'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

துப்பாக்கி வெடித்தால் காது அடைத்துப்போகும், புகை கிளம்பும், தோளில் இடி விழும். எதுவும் இல்லை. பெட்டிக்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஒரு டக்.

மார்கழி மாதம். கிழக்கே இப்போதுதான் வெளுக்கிறது. கல் மேட்டுக்குப் பின்னால் மூன்று பேர் குப்புறப் படுத்திருக்கிறோம். நடுவில் செம்பட்டைக் கேப்டன், கோலார் தங்க மைனில் ஆட்களை மேய்க்கும் வெள்ளைக்காரத் துரை. அவருக்கு வலது பக்கம் வெடிக்காரன் சின்னப்பன். இடது பக்கம் நான். எதிரே, கல் எறிந்தால் விழும் தூரத்தில், பழைய குழியின் வாயில் சிறுத்தை நிற்கிறது. சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிவிட்டது. எங்கள் பக்கம்தான் பார்க்கிறது.

சிறுத்தை ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. வெடிக்காத அந்தத் துப்பாக்கிக்குள் இருந்த ஸ்பிரிங், என் கையால் நான் அடித்துச் செய்தது.

அங்கே அந்தச் சிறுத்தையை நிறுத்திவைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் விளங்காது.

இறங்கும் கட்டை

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு உரிகத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். "அய்யா, மைன் கேஜ் அறுந்த கதையெல்லாம் எழுதினீங்க, துப்பாக்கி ரிப்பேர் பண்ணதா எங்க தாத்தா சொல்வாரே, அத்த ஏன் எழுதல?" என்று கேட்டார். எழுதலாம் தம்பி. எதை விட்டேன்?

இப்போது ஐந்து குண்டு, பத்து குண்டு என்று அடுக்கிவைத்துச் சுடும் துப்பாக்கி வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு குண்டுதான். சுட்டாயா, திறந்து காலிக் குப்பியைத் தள்ளு, அடுத்ததைப் போடு, மூடு. அதற்குள் எதிரே இருப்பது என்ன செய்கிறதோ அது உன் தலையெழுத்து.

கம்பெனிக் காவல்காரர்களிடம் பட்டாளத்தில் கழித்துப்போட்ட துப்பாக்கி இருந்தது. அதில் அடியில் இருக்கும் லீவரைத் தள்ளினால், உள்ளே இருக்கும் இரும்புக் கட்டை பின்பக்கம் ஆணியில் தொங்கிக்கொண்டு முன்பக்கம் மட்டும் வாய் பிளக்கும். கேப்டனுடையது அப்படி இல்லை. அவர் ஆப்பிரிக்காவில் தங்க மைனில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்தது. லீவரைக் கீழே தள்ளினால் இரும்புக் கட்டை முழுசாக, நேராக, காடிப் பள்ளம் வழியே இறங்கும். குழாயின் பின்வாய் திறந்துகொள்ளும். குண்டைப் போட்டு லீவரை ஏற்றினால் கட்டை நேராக மேலே வந்து வாயை அடைத்துக்கொள்ளும். நம் உள்ளங்கை அகலம்கூட இராத கட்டை. ஆனால் மருந்து வெடிக்கும்போது அத்தனை அடியையும் அதுதான் தாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் வெடி சுடுகிறவன் முகத்தில்.

பூமிக்குள் இறங்கும் ஷாஃப்ட்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான்தான் சொன்னேன்: "இது கேஜ் மாதிரி இல்ல இருக்குது. ஷாஃப்ட்ல எறங்குது, ஏறுது." அன்றிலிருந்து ஒர்க்‌ஷாப் முழுக்க அதற்குக் கேஜ் துப்பாக்கி என்றே பெயர். அந்தப் பெயர் வைத்தவன் நான்தான் என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன். வேறு சிலர் தாங்கள் வைத்ததாகச் சொல்லித் திரிகிறார்கள்.

அந்தத் துப்பாக்கிக்கு வெளியே, கட்டைக்குப் பின்னால், ஒரு சுத்தியல் உண்டு. கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை முன்னுக்கு அறையும். அந்த அறையின் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அறை லேசானால் குண்டின் பின்னால் இருக்கும் தொப்பி பற்றாது, மருந்து வெடிக்காது.

என் வாய்

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் குடியாத்தம் பக்கத்திலிருந்து மூட்டையும் கையுமாக இந்த மண்ணுக்கு வந்தவன். பள்ளிக்கூடத்தில் மழைக்கு மட்டும் ஒதுங்கியிருக்கிறேன். எழுத்துக் கூட்டப் பழகினதே கல்யாணம் ஆன பிறகு. ஆனால் இரும்பு என்னிடம் பேசும். எங்கள் மைனில் நான் கை வைக்காத கேஜ் இல்லை, கேஜை இழுக்கிற வின்ச்சில் நான் தட்டாதது இல்லை. சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வருவதற்கு முன்னால், நீராவி காலத்திலேயே எனக்கு ஃபிட்டர் என்று பெயர் வந்துவிட்டது.

அந்த வருஷம் குளிர் தொடங்கும்போது ஒரு சிறுத்தை வந்தது. மைசூர் மைன்ஸுக்கு அந்தாண்ட, கற்குவியல்களுக்கு நடுவே பழைய குழிகள் உண்டு. எந்தக் காலத்து ஆட்கள் தங்கத்துக்காகத் தோண்டினார்களோ, யாருக்கும் தெரியாது. அதில் ஒன்றில் வந்து குடியேறிக்கொண்டது. முதலில் ஆடு போயிற்று. பிறகு நாய்கள். பிறகு ஒரு நாள் காலை, தண்ணீருக்குப் போன ஒரு பெண்ணின் தோளைக் கிழித்துவிட்டது. அவள் சின்னப்பனுடைய மச்சினிச்சி. உயிர் பிழைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

காலை ஷிஃப்டுக்குப் போகிற வழி அந்தக் குழி ஓரமாகத்தான். ஆட்கள் இருட்டில் வரமாட்டோம் என்று லைன் வீடுகளிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேலே இருக்கும் பெரிய துரை செம்பட்டைக் கேப்டனைக் கூப்பிட்டு, 'நீ வேட்டைக்காரன்தானே, முடித்துவிட்டு வா' என்று சொல்லிவிட்டார். கேப்டன் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து இழுத்துப் பார்த்தால், ஸ்பிரிங் இரண்டாக உடைந்து கிடக்கிறது.

மெட்ராஸுக்கு அனுப்பினால் எப்போது திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்? கேப்டன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து உடைந்த துண்டை மேஜையில் வைத்து, யாராலாவது முடியுமா என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "இன்னா தொரை இது. சீமையில பண்ணதவிட நல்லதா பண்ணித் தரேன்."

சொன்ன பிறகுதான் அந்தத் துண்டை எடுத்து உற்றுப் பார்த்தேன்.

கேப்டன் என் முகத்தையே பார்த்தார். செம்பட்டை மீசைக்குள்ளிருந்து மெதுவாகப் பேசினார். நம் தமிழை அவர் மைனுக்குள் கற்றவர், அதனால் அதில் கட்டளை மட்டும்தான் இருக்கும்.

"நல்லா பண்ணு. நீ ரிப்பேர் பண்ற கேஜு, மொதல் டிரிப்பு யாரு போறான்?"

"நான் போறேன் தொரை."

"இதுக்கும் அதே. நீ என்கூட வர்றே. அடிக்கலேன்னா, நீ மைன்ல இல்ல. லைன் வூடும் இல்ல."

எங்கள் மைனில் அது சட்டம். கேஜில் கை வைத்தவன்தான் முதல் நடையில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் ஏறுவார்கள். அதை அவர் துப்பாக்கிக்கும் போட்டுவிட்டார். மறுத்துப் பேச என்ன இருக்கிறது? நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். என்னோடு சேர்ந்து ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. ஆனால் அவர்கள் சிரித்தது என் வாய் என்னை மாட்டிவிட்டதற்கு.

மயில் கழுத்து

பாறை துளைக்கிற உளிக் கம்பியில் ஒரு துண்டு வெட்டினேன். நல்ல எஃகு. உலையில் போட்டு, பட்டையாகத் தட்டி, நடுவில் மடித்து, உடைந்ததன் அளவுக்கு அரத்தால் ராவினேன். இதுவரை கை வேலை. இதில் என்னை அடிக்க ஆளில்லை.

அடுத்தது பதம் போடுவது. பழுத்த சிவப்பில் எண்ணெயில் முக்கினால் எஃகு கண்ணாடி மாதிரி ஆகும். அப்படியே விட்டால் முதல் அடியில் ஒடியும். மறுபடி இளஞ்சூட்டில் காட்டி இறக்க வேண்டும். அப்போது அதன் மேல் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு செம்பு, பிறகு மயில் கழுத்து நீலம். அந்த நீலத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் தாண்டினால் சாம்பல். சாம்பலானால் வளையும், திரும்பி வராது. அறையிலே வேகம் இருக்காது.

முதலில் செய்தது ஒடிந்துபோயிற்று. யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது செய்யும்போது நீலம் ஓடி வந்தது. எடுத்தேன். எடுக்கும்போது உலை வெளிச்சம் கண்ணில் அடித்தது. ஒரு ஓரத்தில் தெரிந்தது நீலமா, சாம்பலா? தவிட்டில் போட்டு ஆறவைத்துப் பகலில் பார்த்தால், மொத்தமும் எண்ணெய்ப் புகை படிந்து கறுத்துக் கிடக்கிறது. தேய்த்தால் நிறமும் போய்விடும். தெரிந்துகொள்ள வழியில்லை.

துப்பாக்கியில் பூட்டினேன். சுத்தியலை இழுத்து விட்டேன். நன்றாகத்தான் அறைந்தது. ஆனால் காதுக்குக் கேட்பது வேறு, தொப்பி பற்றுவது வேறு.

"ஒரு குண்டு போட்டுப் பாத்துடலாம் தொரை" என்றேன்.

"வேணாம். சத்தம் கேட்டா அது குழி மாத்தும். நாளைக்கி காலைல."

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். "ஏழுமல, இன்னா, அடிக்குமா?"

"இந்த ஸ்பிரிங்கு அடிக்கிற அடில சிறுத்த வெள்ளக்காரன் ஊருக்கே போயி வுழும்" என்றேன்.

தட்டிக்கு இந்தப் பக்கம்

அப்போதெல்லாம் லைன் வீடு என்றால் மூங்கில் தட்டிதான். மேலே தகரம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே தட்டி. அதன் மேல் மண் பூசினால் கௌரவம், பூசாவிட்டாலும் வாழலாம். அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் இந்த வீட்டில் தும்மல் வரும்.

எனக்கு அடுத்த வீடு சின்னப்பன் வீடு. அவன் பூமிக்குள்ளே வெடி வைக்கிறவன். நல்ல வேலைக்காரன்தான், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. ஆனால் எங்களுக்குள் பேச்சு கிடையாது. குழாயடியில் பொம்பளைகள் சண்டையில் தொடங்கியது. அவன் என்னைப் பார்த்து, "போல்ட்டு முடுக்கறதுக்கு இவ்ளோ பேச்சா" என்றான். நான், "திரிய கொளுத்திட்டு ஓடறவனுக்குப் பேச நேரம் ஏது" என்றேன். அவன் மாதா கோயில் திருவிழாவுக்குச் சோறு போட்டபோது லைன் முழுக்கக் கூப்பிட்டான், என் வீட்டுக்கு மட்டும் ஆள் வரவில்லை. நானும் ஆடி மாசம் கூழ் ஊற்றியபோது அவன் வாசலைத் தாண்டிப் போனேன். அப்படியே வருஷம் ஓடியது.

அன்று விளக்கு வைத்த நேரம். என் வீட்டுக்காரி குப்பம்மா களி கிண்டி வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. குழந்தை அப்போது கைக்குழந்தை, அவள் மடியில் கிடந்தது.

"இன்னா மாமா, உருண்டைய கைல வெச்சிகினு பாத்துகினே கீற?"

"பசிக்கல."

"ஊரெல்லாம் சொல்லிகினு வந்தியே, சீமை ஸ்பிரிங்கு தோத்துச்சின்னு. களிய முழுங்க முடியல?"

அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. சொல்லிவிட்டேன். ஓரத்தில் சாம்பல் ஓடிவிட்டதோ என்று சந்தேகம். அடித்தாலும் அடிக்கும், அடிக்காவிட்டாலும் போயிற்று. துரைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வேலையோடு நிற்காது. கோலார் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கெட்டுப்போன துப்பாக்கியைக் கொடுத்து வெள்ளைக்காரனைக் கொன்றான் என்று எழுதினால் யார் கேட்பார்கள்?

குப்பம்மா கேட்டாள்: "அப்ப போயி சொல்லிடேன். சரியா வரல தொரைன்னு."

"சொன்னா வேலை போயிடும்."

"சொல்லாட்டி?"

அப்போதுதான் தட்டிக்கு அந்தப் பக்கம் சின்னப்பன் இருமினான். ஆள் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குப்பம்மா என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன். பேசினதெல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.

காலையில் கேப்டன் பங்களா வாசலுக்குப் போனால், தோட்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சின்னப்பன் நிற்கிறான். மச்சினிச்சியைக் கிழித்த மிருகம் சாவதைப் பார்க்க வேண்டும் என்று அவனே போய்க் கேட்டு வாங்கியிருக்கிறான். என்னைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி நின்றான்.

டக்குக்குப் பிறகு

இப்போது கல் மேட்டுக்கு வருவோம்.

டக் என்றது. வெடிக்கவில்லை. கேப்டனின் கை தானாக லீவருக்குப் போயிற்று. எந்த வேட்டைக்காரனும் அதைத்தான் செய்வான். லீவரைத் தள்ளு, கட்டை இறங்கும், கெட்ட குண்டு வெளியே விழும், புதுசைப் போடு.

சின்னப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தொறக்காத தொரை. மிஸ்ஸு."

பூமிக்குள்ளே வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். பாறையில் எத்தனை குழிக்கு மருந்து அடைத்தார்களோ அத்தனை சத்தம் வர வேண்டும். தூரத்தில் போய் நின்று எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் மிஸ். அந்தக் குழிப் பக்கம் ஒருத்தனும் போகக்கூடாது. திரி உள்ளே புகைந்துகொண்டிருக்கலாம். போய் எட்டிப் பார்த்தவன் முகத்தில் வெடிக்கும். அப்படிச் செத்தவர்கள் உண்டு. அதனால் மிஸ் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் மைன்காரனுக்கு உடம்பு கல்லாகிவிடும். யோசித்து நிற்பதில்லை, எலும்பே நின்றுவிடும்.

கேப்டனும் சின்ன வயதில் தன் ஊரில் பூமிக்குள் இறங்கினவர்தான். அவர் கையும் நின்றுவிட்டது.

ஒரு பட்டாளத்துக்காரன் இருந்தால் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். எதிரே சிறுத்தை நிற்கிறது. மூன்று மைன்காரர்கள், கெட்ட குழியைக் காத்துக்கொண்டு கிடக்கிற மாதிரி, மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறோம். சிறுத்தை ஒரு காலை முன்னால் வைத்தது. வால் நுனி மட்டும் ஆடியது. அதன் வாயிலிருந்து ஆவி வருவதுகூட எனக்குத் தெரிந்தது.

சின்னப்பன் பயந்ததிலும் நியாயம் இருந்தது. மருந்து தாமதமாகப் பற்றுகிறது என்றால், கட்டை கீழே இறங்குகிற அந்த நொடியில் பின்வாய் திறந்து கிடக்கும். வெடி கேப்டன் கண்ணுக்குத்தான். காத்திருந்தாலோ சிறுத்தை வந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. எனக்கு மட்டும்தான் தோன்றியது. கட்டையை இறக்காமல், சுத்தியலை மட்டும் மறுபடி இழுத்து அறைவது. மருந்து எப்போது பற்றினாலும் கட்டை மூடியே இருக்கும். ஆனால் அதை நான் சொன்னால் என்ன அர்த்தம்? முதல் அறை போதவில்லை என்று அர்த்தம். ஸ்பிரிங் சரியில்லை என்று ஸ்பிரிங் செய்தவனே சொல்கிற மாதிரி. குப்பம்மா மடியில் குழந்தை கிடந்தது, லைன் வீட்டுத் தகரம், கோலார் கோர்ட்டு, எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன.

சிறுத்தை இன்னொரு கால் எடுத்து வைத்தது.

நான் கையை நீட்டினேன்.

"லீவர தொடாத தொரை. சுத்திய மட்டும் நான் இழுக்கறேன்."

சின்னப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். வருஷக்கணக்கில் அவன் என்னிடம் பேசின முதல் வார்த்தை அது. "மிஸ்ஸான குழில மறுபடி குத்துவியாடா நீ?"

"இது குழி இல்லடா. துப்பாக்கி."

கட்டை விரலால் சுத்தியலை இழுத்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி கடகட என்று வந்து நின்றது. கேப்டன் மூச்சு விடவில்லை. விசையை அழுத்தினார்.

வெடித்தது.

புகை. கறுப்பு மருந்துக் காலம் அது, சுட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பிவிடும். ஒன்றும் தெரியவில்லை. புகைக்கு அந்தப் பக்கம் சிறுத்தை செத்ததா, இல்லை நம் பக்கம் பாய்ந்துகொண்டிருக்கிறதா? கேப்டன் லீவரைத் தள்ளினார், கட்டை இறங்கியது, காலிக் குப்பி என் முழங்கைப் பக்கம் வந்து விழுந்தது. சின்னப்பன் அடுத்த குண்டைத் திணித்தான். கட்டை ஏறியது. மூன்று பேரும் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கலைந்த மாதிரி மெதுவாக வேறு எதுவும் என் வாழ்நாளில் கலைந்ததில்லை.

சிறுத்தை குழி விளிம்பில் பக்கவாட்டில் கிடந்தது. பின்னங்கால் இரண்டு தடவை உதைத்தது. நின்றுவிட்டது.

பேசக்கூடாதவன்

கேப்டன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். சிறுத்தையைப் பார்க்கப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. குனிந்து காலிக் குப்பியை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"மொதல் தபா ஏன் அடிக்கல?"

நான் வாயைத் திறந்தேன். பதில் வரிசையாகத் தயாராக இருந்தது. பனி, ஈரம், மருந்து பழசு, சீமையிலிருந்து வந்த சரக்கே கெட்டது. கேப்டன் ஒரு விரலைத் தூக்கினார்.

"நீ இல்ல. குழி போட்டவன் பேச மாட்டான்."

இதுவும் பூமிக்குள்ளே சட்டம். ஒரு குழி மிஸ் ஆனால் அதற்கு மருந்து அடைத்தவன் காரணம் சொல்லக்கூடாது. வேறொரு வெடிக்காரன் வந்து, மிச்சம் மீதியைப் பார்த்து, திரியா, மருந்தா, ஆளா என்று சொல்ல வேண்டும். அவன் சொன்னது சொன்னதுதான். மேலே கேள்வி இல்லை.

கேப்டன் குப்பியைச் சின்னப்பன் கையில் கொடுத்தார். "நீ சொல்லு. யாரு தப்பு?"

என் உயிர் அங்கே நின்றது. வாய்தான் எனக்கு எல்லாம். வாயால் வேலை வாங்கினேன், வாயால் பேர் எடுத்தேன், வாயால் மாட்டிக்கொண்டேன். இப்போது அதைத் திறக்கக்கூடாது. திறக்கக்கூடிய வாய் ஒன்றே ஒன்று. அது நேற்று விளக்கு வைத்த நேரத்தில் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த வாய்.

சின்னப்பன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தான். பின்பக்கத் தொப்பியைக் கட்டை விரலால் துடைத்தான். மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தான். மறுபடி துடைத்தான்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் ஃபிட்டர் இல்லையா? கட்டை நடுவில் இறங்கவே இல்லை. குண்டு அசையவும் இல்லை. இரண்டு அறையும் ஒரே இடத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்திருக்கும். தொப்பியில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். முதல் அறை எவ்வளவு, இரண்டாவது எவ்வளவு என்று அதைப் பார்த்துச் சாமியாலும் சொல்ல முடியாது. அதாவது சின்னப்பன் கையில் இருக்கும் பித்தளை எதையும் சொல்லாது. அவன் சொல்வதுதான் தீர்ப்பு.

அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் பார்த்து முடித்த பிறகு குப்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நின்று, நிதானமாக, குழாயடியில் பார்த்தானே அதே பார்வை. நான் பார்வையைத் திருப்பவில்லை. திருப்பினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். கெஞ்சவும் இல்லை. கெஞ்சத் தெரிந்திருந்தால் கெஞ்சியிருப்பேனோ என்னவோ.

"ஆளு தப்பு இல்ல தொரை" என்றான். "மருந்து ஈரம். மழைக்கால சரக்கு, தோல் பையில கெடந்துச்சி. அடி நல்லாத்தான் வுழுந்துகீது."

கேப்டன் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். குப்பியை அவன் கையிலிருந்து வாங்கி, பழைய குழிக்குள் எறிந்தார். அடியில் தண்ணீர். அது விழுந்த சத்தம் வெகு நேரம் கழித்துத்தான் மேலே வந்தது.

"தகரப் பெட்டி வாங்கறேன்" என்றார். தோட்டாவுக்கு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த ஸ்பிரிங் அதற்குப் பிறகு அவர் ஊருக்குத் திரும்பும் வரை அந்தத் துப்பாக்கியிலேயே இருந்தது. எத்தனையோ பன்றி, மான். ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. ஆகவே அது நல்ல ஸ்பிரிங்தான் என்பது என் கட்சி. ஆனால் அந்தத் தொப்பியை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

திரும்பும் வழி

சிறுத்தையைத் தூக்க ஆள் அனுப்பக் கேப்டன் முன்னால் போய்விட்டார். நானும் சின்னப்பனும் லைன் பக்கம் நடந்தோம். வெயில் வந்துவிட்டது. மில்லில் கல் இடிக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச தூரம் போய்க் கேட்டேன்: "சின்னப்பா. நேத்து நீ வூட்லதான இருந்த?"

"இருந்தேன்."

"கேட்டுதா?"

"தட்டிதான. கேக்காம?"

"அப்பறம் ஏன்..."

அவன் தோட்டாப் பையைத் தோள் மாற்றிக்கொண்டான். லைன் முனை வந்தபோது நின்றான். நின்று, என் முகத்தைப் பார்க்காமல், தகரக் கூரைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எம் பொண்டாட்டி டிரங்கு பொட்டில கீலு ஒடஞ்சி கெடக்குது. மச்சினிச்சி துணியெல்லாம் அதுலதான் கீது, ஆஸ்பத்திரிக்கி எடுத்துனு போவணும். மூடி நிக்க மாட்டேங்குது. சாயங்காலம் வந்து பாரு."

"இதுக்கு இன்னா. பித்தளையிலயே அடிச்சித் தரேன் பாரு, இந்த லைன்லயே அந்த மாதிரி..."

"எதுலனா அடி" என்றான். "யாருக்கும் சொல்லாம அடி."

அன்று சாயங்காலம் போனேன். பித்தளைக் கீல்தான் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.